ஸ்கூபா டைவிங் கத்துக்கணுமா? 4 நாள் கோர்ஸில் என்ன நடக்கும்... யாரெல்லாம் கடலில் இறங்கக் கூடாது? - முழு விவரம்

அந்தமான் டூர் போய் வந்தவர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இந்த போட்டோவை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். முகத்தில் மாஸ்க், வாயில் குழாய், முதுகில் சிலிண்டர், சுற்றிலும் கலர் கலராக மீன்கள். கூடவே, 'நானும் ஸ்கூபா டைவர் ஆயிட்டேன்' என்று ஒரு வரி.

ஆனால் பெரும்பாலான நேரங்களில் அந்த போட்டோவில் இருப்பவர் ஸ்கூபா டைவர் இல்லை. கேமராவில் விழாத ஒரு கை, பின்னாலிருந்து அவருடைய சிலிண்டரைப் பிடித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு ஆழம் போவது, எப்போது மேலே வருவது, ஜாக்கெட்டில் எவ்வளவு காற்று நிரப்புவது என எல்லாவற்றையும் முடிவு செய்வது அந்தக் கைக்குச் சொந்தக்காரரான இன்ஸ்ட்ரக்டர்தான்.

அந்தக் கை இல்லாமல், நீங்களே உங்களைப் பார்த்துக்கொண்டு டைவ் செய்ய வேண்டுமென்றால் அதற்கு ஒரு கோர்ஸ் இருக்கிறது. பெயர், 'ஓப்பன் வாட்டர் டைவர்'. அதில் என்ன சொல்லித் தருகிறார்கள், யார் சேரலாம், யார் சேரவே கூடாது, பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்கூபா, ஸ்நார்கெலிங்... என்ன வித்தியாசம்?

2024 ஜனவரியில் பிரதமர் மோடி லட்சத்தீவு கடலில் இருந்த படங்கள் வைரலானது நினைவிருக்கலாம். அது ஸ்நார்கெலிங். தண்ணீரின் மேற்பரப்பில் மிதந்தபடி, ஒரு வளைந்த குழாய் வழியாக வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு, கீழே இருப்பதை வேடிக்கை பார்ப்பது. இதற்கு சிலிண்டர் தேவையில்லை.

ஸ்கூபா அப்படியல்ல. மூச்சு விடுவதற்கான காற்றை முதுகில் சுமந்துகொண்டே தண்ணீருக்கு அடியில் போவது. 1943-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஜாக் கூஸ்தோ, எமில் கன்யான் ஆகிய இருவரும் உருவாக்கிய 'அக்வா லங்' கருவிதான் இன்றைய ஸ்கூபா கருவிகளுக்கு முன்னோடி. நாம் மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்குத் தேவையான அழுத்தத்தில் காற்றைத் தருவதுதான் இதன் சிறப்பு. அந்த வேலையைச் செய்யும் பாகத்தின் பெயர் ரெகுலேட்டர்.

இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கையையும் சரி செய்துவிடலாம். முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை! செய்திகளிலேயே பல முறை அப்படித்தான் சொல்கிறோம். அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே சாதாரண காற்று. சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அதை வடிகட்டி, அழுத்தி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சுத்தமான ஆக்சிஜனை சுவாசித்துக்கொண்டு சுமார் 6 மீட்டருக்குக் கீழே போனால் அதுவே விஷமாகி, வலிப்பு வரும் ஆபத்து உண்டு.

டூரில் செய்யும் 'ட்ரை டைவ்' வேறு... கோர்ஸ் வேறு!

சுற்றுலாத் தலங்களில் அரை நாளில் முடிந்துவிடும் டைவுக்கு 'டிஸ்கவர் ஸ்கூபா', 'ட்ரை டைவ்' என்றெல்லாம் பெயர். நீச்சல் தெரியாதவர்களையும் இதில் அழைத்துப் போகிறார்கள். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். முடிந்ததும் ஒரு சான்றிதழ் பேப்பர் கொடுப்பார்கள். அது நினைவுக்கு வைத்துக்கொள்ளத்தான். அதைக் காட்டி வேறு எங்கும் தனியாக டைவ் செய்ய முடியாது.

'ஓப்பன் வாட்டர்' கோர்ஸ் முடித்தால் கிடைப்பது உலகம் முழுக்க ஏற்கப்படும் அடையாள அட்டை. இப்போது பெரும்பாலும் மொபைல் ஆப்பிலேயே வந்துவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு, இன்னொரு டைவருடன் ஜோடியாக 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி ஆழம் வரை நீங்கள் போகலாம். இன்ஸ்ட்ரக்டர் உங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த அட்டையை அரசு தருவதில்லை. 1966-ல் தொடங்கிய பி.ஏ.டி.ஐ., 1970-ல் தொடங்கிய எஸ்.எஸ்.ஐ. போன்ற சர்வதேச பயிற்சி அமைப்புகள்தான் தருகின்றன. 'எது பெஸ்ட்?' என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். இந்த நிலை டைவருக்கு ஐ.எஸ்.ஓ. 24801-2 என்ற சர்வதேச தரம் இருக்கிறது. அதைப் பின்பற்றும் அமைப்பு என்றால் எதில் படித்தாலும் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். அமைப்பின் பெயரைவிட, சொல்லித் தரும் இன்ஸ்ட்ரக்டர் யார் என்பதே முக்கியம்.

யாரெல்லாம் சேரலாம்?

- குறைந்தபட்ச வயது 10. பி.ஏ.டி.ஐ. விதிப்படி 10 முதல் 14 வயது வரை 'ஜூனியர்' அட்டை. 10, 11 வயது குழந்தைகள் பெற்றோர் அல்லது டைவிங் தொழில்முறையாளருடன் மட்டுமே, 12 மீட்டருக்குள் டைவ் செய்யலாம்.
- நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். எந்த ஸ்டைலாக இருந்தாலும் சரி, எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் சரி. மாஸ்க், ஸ்நார்கெல், ஃபின்ஸ் போட்டுக்கொண்டு என்றால் 300 மீட்டர்.
- எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும்.
- மருத்துவப் படிவத்தை நிரப்ப வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

கிணற்றிலும் குளத்திலும் நீச்சல் பழகியவர்களுக்கு 200 மீட்டர் பெரிய விஷயமில்லை. நீச்சலே தெரியாது என்றால், முதலில் பக்கத்தில் உள்ள நீச்சல் குளத்தில் சேர்ந்துவிட்டு இந்தக் கோர்ஸுக்கு வருவதுதான் சரி.

கண்ணாடி போடுபவர்கள் பவர் உள்ள மாஸ்க் கேட்டு வாங்கலாம். சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போட்டும் டைவ் செய்யலாம். ஆனால் மாஸ்க்கைக் கழற்றும் பயிற்சியின்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் கடலோடு போய்விடும்.

அந்த மருத்துவப் படிவத்தில் பொய் சொல்லாதீர்கள்!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

கோர்ஸ் தொடங்கும் முன் ஒரு படிவம் தருவார்கள். ஆஸ்துமா இருக்கிறதா, இதய நோய், வலிப்பு, சர்க்கரை நோய், காது ஆபரேஷன், நுரையீரல் பாதிப்பு, அடிக்கடி மயக்கம் வருமா, கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று கேள்விகள் இருக்கும். 45 வயதைத் தாண்டியவர்களிடம் புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு பற்றியும் கேட்பார்கள். சில கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் டாக்டரின் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறங்க முடியாது.

பிரச்னை எங்கே வருகிறது? பலருக்கு இந்தப் படிவம் கைக்குக் கிடைப்பது கடற்கரையில்தான். டிக்கெட் போட்டாச்சு, ரூம் போட்டாச்சு, பணம் கட்டியாச்சு, ஃபிரெண்ட்ஸ் எல்லாம் வெட்சூட் மாட்டி ரெடி. அந்த நேரத்தில் 'சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு' என்று யார் சொல்வார்கள்? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு படகில் ஏறிவிடுவார்கள்.

அந்த 'இல்லை' உயிரோடு விளையாடும் விஷயம். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் சுருங்கி, நுரையீரலின் ஒரு பகுதியில் காற்று சிக்கிக்கொண்டால், மேலே வரும்போது அந்தக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கலாம். தரையில் வலிப்பு வந்தால் பிழைக்க வழி உண்டு. 15 மீட்டர் ஆழத்தில் வந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவி, தண்ணீர் உள்ளே போய்விடும்.

'ஆம்' என்று எழுதினால் உடனே ரிஜெக்ட் என்று அர்த்தமில்லை. ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலருக்கு, பரிசோதனைக்குப் பிறகு டாக்டர்கள் அனுமதி தருகிறார்கள். கர்ப்பிணிகள் மட்டும் எந்த நிலையிலும் டைவ் செய்யக் கூடாது.

தீர்வு ரொம்ப சிம்பிள். புக்கிங் செய்யும்போதே, பணம் கட்டும் முன்பே, 'மெடிக்கல் ஃபார்மை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க' என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் உட்கார்ந்து நிதானமாக நிரப்புங்கள். ஒரு 'ஆம்' வந்தாலும், உங்கள் உடம்பைத் தெரிந்த சொந்த ஊர் டாக்டரிடம் காட்டுங்கள். படிவத்தின் பின்பக்கத்தில் டாக்டருக்கான பகுதியும் இருக்கும்.

4 நாள் கோர்ஸில் என்ன நடக்கும்?

பொதுவாக 3 முதல் 4 நாட்கள் ஆகும். மூன்று பகுதிகள் உண்டு.

1) பாடம்

இப்போது பெரும்பாலும் மொபைலில் வீடியோ பார்த்து படிக்கும் ஆன்லைன் பாடம்தான். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிடலாம். பி.ஏ.டி.ஐ.யில் கடைசியாக 50 கேள்விகள் கொண்ட தேர்வு இருக்கும். 75 சதவீதம் எடுத்தால் பாஸ். பத்தாம் வகுப்பு அறிவியல் தெரிந்தால் போதும், பயப்படத் தேவையில்லை.

2) நீச்சல் குளம் அல்லது ஆழமில்லாத கடல்

கோர்ஸின் உயிர்நாடி இதுதான். சிலிண்டரில் ரெகுலேட்டரையும் ஜாக்கெட்டையும் மாட்டுவதில் தொடங்கும். 'பி.சி.டி.' என்று அழைக்கப்படும் அந்த ஜாக்கெட்டில் காற்றை ஏற்றினால் மிதப்பீர்கள், இறக்கினால் மூழ்குவீர்கள். பிறகு ஒவ்வொரு பயிற்சியாக வரும்.

- வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவினால் தேடிப் பிடித்து மீண்டும் மாட்டுவது.
- மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் காற்றை ஊதி வெளியேற்றுவது.
- மாஸ்க்கை முழுசாகக் கழற்றிவிட்டு, மீண்டும் மாட்டுவது.
- காற்று தீர்ந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் உபரி ரெகுலேட்டரை வாங்கி சுவாசிப்பது.
- கீழேயும் போகாமல் மேலேயும் வராமல் ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்பது.

இதில் பெரும்பாலானவர்கள் திணறுவது மாஸ்க் பயிற்சியில்தான். மூக்கில் தண்ணீர் பட்டதும் உடம்பு தானாகவே பதறும். 'மேலே ஓடு' என்று மனசு சொல்லும். அந்தப் பதற்றத்தை 2 மீட்டர் ஆழத்திலேயே சந்தித்து, பழகி, தாண்டுவதற்குத்தான் இந்தப் பயிற்சி. முதல் முறையிலேயே வரவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். 'இன்னொரு தடவை செய்யலாம்' என்று கேளுங்கள். நல்ல இன்ஸ்ட்ரக்டர் அவசரப்படுத்த மாட்டார்.

3) கடலில் 4 டைவ்

குளத்தில் செய்ததையே கடலில் செய்து காட்ட வேண்டும். முதல் இரண்டு டைவ் 12 மீட்டருக்குள், அடுத்த இரண்டும் 18 மீட்டருக்குள். மொத்தம் 4 டைவ் முடித்து, எல்லாப் பயிற்சிகளும் சரியாக இருந்தால் அட்டை உங்கள் கையில்.

லீவு கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பாடத்தையும் குளப் பயிற்சியையும் சொந்த ஊரில் முடித்துவிட்டு, கடல் டைவ்களை மட்டும் வேறு ஊரில் செய்யலாம். இதற்கு 'ரெஃபரல்' என்று பெயர். பி.ஏ.டி.ஐ.யில் இது 12 மாதங்கள் வரை செல்லும்.

'மூச்சை மட்டும் அடக்கவே கூடாது'... ஏன்?

ஸ்கூபாவின் முதல் விதி இது. ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நியாயமான சந்தேகம் வரும். மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாக முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கித்தானே கடலுக்குள் போனார்கள்? அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

விடை அழுத்தத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் நம் மீது இருக்கும் காற்றழுத்தம் சுமார் 1 பார். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் கீழே போகும்போதும் இன்னொரு 1 பார் கூடும். 10 மீட்டரில் 2 பார், 20 மீட்டரில் 3 பார். அழுத்தம் இரட்டிப்பானால் காற்றின் கன அளவு பாதியாகும்.

முத்துக்குளிப்பவர் மேலே, படகில் இருக்கும்போதே நெஞ்சு நிறைய காற்றை இழுத்துக்கொள்கிறார். 10 மீட்டர் கீழே போனதும் அந்தக் காற்று பாதியாகச் சுருங்குகிறது. மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்புகிறது. அவ்வளவுதான். நுரையீரல் தாங்கும் அளவை அது தாண்டுவதே இல்லை.

ஸ்கூபா டைவரின் கதை வேறு. அவர் 10 மீட்டர் ஆழத்தில் இருந்துகொண்டே, 2 பார் அழுத்தத்தில் உள்ள காற்றை நெஞ்சு நிறைய இழுக்கிறார். அதை அப்படியே அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரு மடங்காக விரியும். நுரையீரலோ ஒன்றுதான். பலூனை அளவுக்கு மீறி ஊதினால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கும். காற்று ரத்தக் குழாய்க்குள் புகுந்து மூளைக்குப் போனால் நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து.

இது ஆழ்கடலில் மட்டும் நடப்பதில்லை. நெஞ்சு நிறைய காற்றை அடக்கிக்கொண்டு ஒன்றரை மீட்டர் உயர்ந்தாலே நுரையீரல் காயப்பட வாய்ப்புண்டு. அதனால்தான் நீச்சல் குளத்திலும் இதே விதி. சீராக மூச்சை இழுங்கள், சீராக விடுங்கள். ரெகுலேட்டர் வாயில் இல்லாத நேரத்திலும் உதட்டைக் குவித்து சின்னச் சின்ன குமிழிகளாக விட்டுக்கொண்டே இருங்கள்.

காது வலித்தால் என்ன செய்வது?

அதே அழுத்தம்தான் காதையும் அழுத்துகிறது. விமானம் இறங்கும்போது காது அடைப்பது போல. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் 'டப்' என்று திறந்துகொள்ளும். வலி வந்த பிறகு செய்யக் கூடாது. இறங்கத் தொடங்கியதிலிருந்தே, அடிக்கடி செய்துகொண்டு போக வேண்டும். திறக்கவில்லை என்றால் கொஞ்சம் மேலே வந்து மீண்டும் முயற்சி செய்யுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு கீழே போனால் செவிப்பறை கிழியலாம்.

சளி பிடித்திருந்தால் டைவ் வேண்டாம். மாத்திரை போட்டு சமாளிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பாதி டைவில் மாத்திரையின் வேலை முடிந்துவிட்டால், மேலே வரும்போது காற்று உள்ளேயே அடைபட்டுக்கொள்ளும்.

ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

இது ஆளுக்கு ஆள், ஆழத்துக்கு ஆழம் மாறும். ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். சுற்றுலா டைவ்களில் அதிகம் பயன்படும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை நிரப்பினால் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

- மேற்பரப்பில்: சுமார் 110 நிமிடம்
- 10 மீட்டரில்: சுமார் 55 நிமிடம்
- 18 மீட்டரில்: சுமார் 39 நிமிடம்

இது சிலிண்டர் காலியாகும் வரையிலான கணக்கு. நிஜத்தில் அப்படிச் செய்யவே கூடாது. மீட்டரில் சுமார் 50 பார் மிச்சம் இருக்கும்போதே படகுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். பதற்றத்தில் இருப்பவர் வேகமாக மூச்சு வாங்குவார், காற்றும் வேகமாகத் தீரும். முதல் டைவில் உங்கள் காற்றுதான் முதலில் தீர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான்.

கடலுக்கு அடியில் 'சூப்பர்' என்று கட்டை விரலைக் காட்டாதீர்கள்!

தண்ணீருக்கு அடியில் பேச முடியாது. எல்லாம் கை ஜாடைதான். இதில் நம் ஆட்கள் அதிகம் செய்யும் தவறு ஒன்று உண்டு. இன்ஸ்ட்ரக்டர் 'எப்படி இருக்கு?' என்று ஜாடை காட்டினால், நாம் பழக்க தோஷத்தில் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவோம். டைவிங் மொழியில் அதற்கு அர்த்தம், 'நான் மேலே போக வேண்டும்'!

- கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டம்: நன்றாக இருக்கிறேன்
- கட்டை விரல் மேலே: மேலே போகலாம்
- கட்டை விரல் கீழே: கீழே போகலாம்
- விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டுவது: ஏதோ பிரச்னை
- கழுத்தை அறுப்பது போல கையை இழுப்பது: காற்று தீர்ந்துவிட்டது

கடைசி நாள் டைவ்... மறுநாள் காலை ஃபிளைட்: உஷார்!

ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றில் உள்ள நைட்ரஜன் நம் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சு வழியாக வெளியேறிவிடும். அவசரமாக வந்தால்? சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரை பொங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதுபோல உடம்புக்குள் குமிழிகள் உருவாகும். மூட்டு வலி, கை கால் மரத்துப்போவது, தலைசுற்றல், அசாதாரண சோர்வு, தோலில் தடிப்பு, மோசமான நிலையில் பக்கவாதம் வரை போகலாம். இதற்கு 'டிகம்ப்ரஷன் சிக்னஸ்' என்று பெயர். டைவர்கள் 'பெண்ட்ஸ்' என்பார்கள்.

இதைத் தவிர்க்க, உங்கள் சின்னக் குமிழிகளைவிட வேகமாக மேலே வரக் கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்றுவிட்டு வர வேண்டும். கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர், அந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

டைவ் முடிந்ததும் ஆபத்து முடிந்துவிடாது. மிச்சமுள்ள நைட்ரஜன் வெளியேற பல மணி நேரம் ஆகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் மறுபடியும் குமிழிகள் உருவாகும். விமானத்தின் கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம்.

அதனால் ஒரே ஒரு டைவ் செய்திருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். கணக்கு குழப்பமாக இருந்தால், 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டூர் பிளானில் டைவிங்கை முதல் நாட்களுக்குத் தள்ளுங்கள், கடைசி நாளை ஷாப்பிங்குக்கு விடுங்கள்.

விமானம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். புதுச்சேரியில் காலையில் டைவ் அடித்துவிட்டு, அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனாலும் இதே ஆபத்துதான். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். விமான கேபின் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமம்.

டைவ் முடிந்த 24 மணி நேரத்துக்குள் மேலே சொன்ன அறிகுறிகள் வந்தால், 'சிலிண்டர் தூக்கினதால வலி' என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். டைவ் சென்டருக்கு உடனே சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள், 'நான் ஸ்கூபா டைவ் செய்தேன்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். முதலுதவி, சுத்தமான ஆக்சிஜன். அதன்பிறகு உயர் அழுத்த அறையில் வைத்து சிகிச்சை தேவைப்படலாம்.

எங்கே படிக்கலாம்? எந்த சீசன் நல்லது?

- அந்தமான்: சுவராஜ் தீவு (பழைய பெயர் ஹேவ்லாக்), ஷாகீத் தீவு (பழைய பெயர் நீல்). நவம்பர் முதல் மே வரை ஏற்ற காலம்.
- புதுச்சேரி, சென்னை: தமிழில் சொல்லித் தரும் இன்ஸ்ட்ரக்டர் கிடைக்க வாய்ப்பு அதிகம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பாகவும் கலங்கலாகவும் இருக்கும்.
- கர்நாடகா, முருடேஸ்வர் அருகே நேத்ராணி தீவு. கோவா: தென்மேற்குப் பருவமழை முடிந்த பிறகு.
- லட்சத்தீவு: போவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.
- இலங்கை: திருகோணமலை பக்கம் மே முதல் செப்டம்பர் வரை. ஹிக்கடுவை பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை.

இலங்கை என்றதும் மட்டக்களப்பு கடலில் கிடக்கும் 'ஹெர்மிஸ்' கப்பல் பலருக்கு நினைவுக்கு வரும். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அது. ஆனால் அது கிடப்பது 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில். 18 மீட்டர் அட்டை வைத்திருப்பவருக்கு அது கிடையாது. இதுபோன்ற இடங்களுக்கு அடுத்தடுத்த கோர்ஸ்களும் அனுபவமும் தேவை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

இந்தியாவில் ஓப்பன் வாட்டர் கோர்ஸ் கட்டணம் பொதுவாக 25 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். இடத்தைப் பொறுத்து இன்னும் கூடும். சல்லிசாக ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் எதைக் குறைக்கிறார் என்று பார்க்க வேண்டும். இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

1. இன்ஸ்ட்ரக்டரின் பெயரும் எண்ணும் என்ன? பயிற்சி அமைப்பின் இணையதளத்தில் அது செல்லுபடியாகிறதா என்று நீங்களே சரிபார்க்கலாம்.

2. ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்? பி.ஏ.டி.ஐ. விதிப்படி கடல் பயிற்சியில் அதிகபட்சம் 8 பேர். 4 பேருக்குள் இருந்தால் நிம்மதி.

3. படகில் ஆக்சிஜன் கிட் இருக்கிறதா? 'இருக்கு' என்றால், 'காட்டுங்க' என்று கேளுங்கள்.

4. பக்கத்தில் உயர் அழுத்த சிகிச்சை அறை எங்கே? இதற்குப் பதில் தெரியாத சென்டர், அவசர காலத்துக்குத் தயாராக இல்லை என்று அர்த்தம்.

5. சிலிண்டரை எப்போது சோதித்தீர்கள்? தேதி சிலிண்டரின் தோள் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். காற்றில் டீசல் வாடையோ எண்ணெய் வாடையோ அடித்தால் அந்த சிலிண்டரை ஏற்காதீர்கள்.

6. கட்டணத்தில் என்னென்ன அடக்கம்? பாடம், அட்டை, உபகரண வாடகை, படகு எல்லாம் சேர்த்தா? ஒரு பயிற்சி வரவில்லை என்றால் கூடுதல் டைவுக்கு எவ்வளவு?

7. கடல் மோசமாக இருந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? இதற்கு 'அதெல்லாம் பிரச்னை இல்ல, எந்த நாளும் இறக்கிடுவோம்' என்று பதில் வந்தால், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இன்சூரன்ஸையும் பாருங்கள். பல டிராவல் பாலிசிகளில் ஸ்கூபா சேராது. சேர்ந்தாலும் ஆழத்துக்கு வரம்பு இருக்கும்.

அட்டை வாங்கிய பிறகு?

அட்டைக்கு காலாவதி தேதி கிடையாது. ஆனால் நம் திறமைக்கு உண்டு. ஒரு வருடமாக தண்ணீரில் இறங்கவில்லை என்றால், ஒரு ரெஃப்ரெஷர் பயிற்சி எடுத்துக்கொண்டு இறங்குவது நல்லது.

எதையும் தொடாமல், எதையும் எடுக்காமல் வருவதும் கோர்ஸில் ஒரு பாடம். பவளப்பாறைகள் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. ஞாபகார்த்தமாக ஒரு துண்டு எடுத்து வந்தாலும் குற்றம்தான்.

இன்னொரு விஷயம். எந்த டைவராக இருந்தாலும், எந்த டைவாக இருந்தாலும், எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல் 'எனக்கு வேண்டாம்' என்று நிறுத்தும் உரிமை உண்டு. படகில் ஏறிய பிறகும் சொல்லலாம், தண்ணீரில் குதித்த பிறகும் சொல்லலாம். 'இவ்வளவு தூரம் வந்துட்டு பயந்துட்டியா?' என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். கடல் நாளைக்கும் அங்கேதான் இருக்கும். நீங்களும் இருக்க வேண்டும்.